லீவரை எது பிடித்திருக்கிறது? பழைய 35 மி.மீ. கேமராவில் ஃபிலிம் நகராதபோது

பழைய கேமராவில் ஃபிலிமை நகர்த்தும் லீவர் சிக்கினால் கட்டைவிரல் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தப் பார்க்கும். அழுத்தினால் சில சமயம் நகரவும் செய்யும். அப்படி நகர்ந்திருந்தால் உள்ளே ஒரு பித்தளைப் பல்லோ ஃபிலிமின் ஓரத் துளையோ போயிருக்கும். லீவர் நின்றுவிட்டது என்றால், பத்தில் ஏழெட்டு முறை ஏதோ ஒரு பூட்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தப் பூட்டு எது, ஏன் விடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இங்கே சொல்வது 1960களிலிருந்து 80கள் வரை வந்த, லீவர் வைத்த, துணித் திரை ஷட்டர் உள்ள எஸ்.எல்.ஆர். கேமராக்களை, அதாவது உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் கேமராக்களை, மனதில் வைத்து. பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் (1964), அதன் வழியில் வந்த கே1000 (1976) இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700, நிகான் எஃப்எம்2, கோடாக் ரெட்டினா ஆகியவற்றுக்கே உரிய கோளாறுகள் அந்தந்த இடத்தில் வருகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

லீவரை ஒரு முறை தள்ளும்போது நான்கு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. முதலில் ஸ்ப்ராக்கெட். ஃபிலிமின் ஓரத் துளைகளில் பல் பதித்துச் சுற்றும் உருளை இது. பெரும்பாலான கேமராக்களில் இது ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டுத் துளைகள் நகரும். துளைக்குத் துளை 4.75 மி.மீ. என்பதால் மொத்தம் 38 மி.மீ.; அதில் 36 படத்துக்கு, 2 இடைவெளிக்கு. இரண்டாவது, வலப்பக்கத்து ஸ்பூல் அந்த ஃபிலிமைச் சுருட்டுகிறது. சுருள் தடிக்கத் தடிக்க ஒரு சுற்றுக்கு அது இழுக்கும் நீளம் கூடிவிடும் என்பதால் ஸ்பூலுக்கு மட்டும் வழுக்கும் கிளட்ச் வைத்திருப்பார்கள். மூன்றாவது, ஷட்டரின் இரண்டு திரைகளும் ஸ்பிரிங்கின் இழுவைக்கு எதிராகச் சுருட்டப்படுகின்றன. நான்காவது, கண்ணாடியைத் தூக்கும் ஸ்பிரிங் ஏறுகிறது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னக் கொக்கி விழுந்து லீவரைப் பூட்டும். ஒரே ஃபிரேமில் இரண்டாம் முறை சுற்றாமல் காப்பது அதுதான். பட்டனை அழுத்தி, முதல் திரை ஓடி, இரண்டாம் திரையும் ஓடி முடித்து எல்லையைத் தொடும்போதுதான் கொக்கி விலகும். இரண்டாம் திரை கடைசி ஒரு மில்லிமீட்டரை ஓடாமல் நின்றாலும் கேமராவைப் பொறுத்தவரை படம் இன்னும் முடியவில்லை, லீவரை விடாது. லீவர் சிக்கல்களில் பெரும்பகுதி லீவரில் இருப்பதே இல்லை என்பதற்கு இதுவே காரணம்.

முதலில் இரண்டு கேள்விகள்

உள்ளே ஃபிலிம் இருக்கிறதா, வெறும் கேமராவா? ஃபிலிம் இல்லாமலும் சிக்கினால் கோளாறு இயந்திரத்தில். ஃபிலிம் போட்டால் மட்டும் சிக்கினால் கேசட், ஃபிலிம், ஏற்றிய விதம், ஸ்பூலின் கிளட்ச் ஆகியவற்றில் ஒன்று.

ஷட்டர் ஏறிய நிலையில் நிற்கிறதா, ஓடி முடித்த நிலையிலா? ஸ்பாட்மாட்டிக்கில் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் உண்டு. அது சிவப்பாக இருந்தால் ஏறியிருக்கிறது. அப்படி அடையாளம் இல்லாத கேமராவில் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடி கீழே இருக்கிறதா, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மேலே நின்றால் இரண்டாம் திரைப் பிரச்சினைக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: லீவரும் நகரவில்லை, பட்டனும் வேலை செய்யவில்லை, கண்ணாடி கீழே இருக்கிறது

திருகாணி எடுக்கும் முன் வெறும் கையால் பார்க்க வேண்டியவை சில. பாதிக்கு மேற்பட்ட கேமராக்கள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

பேட்டரி. கே1000 பேட்டரி இல்லாமலும் படம் எடுக்கும். அதிலுள்ள ஒரே ஒரு எல்ஆர்44 ஒளிமானிக்கு மட்டும். கேனான் ஏஇ-1 அப்படியல்ல. 6 வோல்ட் 4எல்ஆர்44 செத்திருந்தால் ஷட்டர் ஓடாது. ஷட்டர் ஓடாவிட்டால் லீவரும் பூட்டியபடியே நிற்கும். கேமரா முழுசாக இறுகிவிட்டது போலத் தெரியும். புது பேட்டரி போடுங்கள். போடும்முன் பேட்டரி அறையின் தொடுமுனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். ஒலிம்பஸ் ஓஎம்-2வில் பேட்டரி மங்கினால் கண்ணாடி மேலேயே நின்று லீவர் பூட்டும். மேலே உள்ள முறைத் தேர்வுச் சுவிட்சை ரீசெட் நிலைக்குத் தள்ளினால் கீழே வரும்.

மினோல்டா எக்ஸ்-700இல் புது பேட்டரி போட்டும் இதே அறிகுறி தெரிந்தால், அதாவது ஒளிமானி விளக்கு எரிகிறது, ஆனால் ஷட்டரும் ஓடவில்லை, லீவரும் நகரவில்லை என்றால், அடித்தட்டின் கீழ் இருக்கும் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த மாடலின் பேர்போன நோய் இது. 220 மைக்ரோஃபாரட் அளவில் புதியதை, துருவம் மாறாமல், பற்றவைத்தால் கேமரா எழுந்துவிடும். பற்றவைத்துப் பழக்கமில்லாதவர்கள் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்தே செய்துகொள்ளலாம். அடித்தட்டைத் திறந்து அந்த ஒரு பாகத்தைக் காட்டினால் போதும்.

லீவரின் ஓய்வு நிலை. நிகான் எஃப்எம்2வில் லீவரை உடலோடு ஒட்டி மூடிவைத்தால் பட்டன் பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்தினால்தான் படம் எடுக்கும். கோளாறு என்று விற்கப்படும் எஃப்எம்2க்களில் இதுவும் சேர்த்தி.

செல்ஃப் டைமர். அது உள்ள கேமராவில் டைமர் பாதி ஓடி நின்றிருந்தால் ஷட்டர் அதற்காகக் காத்திருக்கும். டைமர் லீவரை மெதுவாக ஓடும் திசையிலேயே விரலால் கடைசிவரை கூட்டிப் போங்கள். பட்டனில் திருகி மாட்டித் தள்ளி நின்று படம் எடுக்க உதவும் கேபிள் ரிலீஸின் முனை உடைந்து பட்டனின் திருகுக்குழியில் தங்கியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முடிக்காத சுற்று. லீவரைக் கடைசிவரை தள்ளாமல் விட்டிருந்தால் ஷட்டர் ஏறவில்லை, பட்டன் அமுங்காது. மெதுவாகத் தள்ளினால் மீதி சில டிகிரி போய் ‘டிக்’ என்று பூட்டும். மோட்டார் வைண்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு முயலுங்கள்; வைண்டர் பாதிச் சுற்றில் நின்றிருந்தால் கேமராவையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும்.

கோடாக் ரெட்டினா IIIசி போன்றவற்றில் எண் காட்டி தலைகீழாக, அதாவது பெரிய எண்ணிலிருந்து 1 நோக்கி, எண்ணும். 1க்கு வந்ததும் கேமரா பூட்டிக்கொள்ளும். இது ஜெர்மானிய ஒழுங்கு. ரோல் முடிந்தது என்று சொல்லும் முறை. காட்டியை மறுபடி மேலே நகர்த்தினால் லீவர் விடும். இதே போல 126 கேசட் போடும் இன்ஸ்டமாட்டிக் கேமராக்கள் ஃபிலிமின் ஒரு துளையை ஒரு முள்ளால் தடவிப் பார்த்துத்தான் ஃபிரேமை நிறுத்தும். ஃபிலிம் இல்லாமல் அவற்றைச் சோதித்துவிட்டு ‘ரிப்பேர்’ என்று முடிவு கட்டக்கூடாது.

அறிகுறி: கண்ணாடி மேலே நிற்கிறது, லீவர் பூட்டியிருக்கிறது

ஸ்பாட்மாட்டிக், கே1000 குடும்பத்தில் அடிக்கடி வருவது இதுதான். இரண்டு குற்றவாளிகள் உண்டு, எளிதானதிலிருந்து தொடங்கலாம்.

கண்ணாடிப் பெட்டியின் மேல் விளிம்பில் கறுப்பாக ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை இருக்கும். கண்ணாடி எழும்பி இடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்கு. பாலியூரித்தேன் நுரை, முப்பது நாற்பது வருடத்தில் தாரைப் போல இளகிவிடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கும் முன்பே. கண்ணாடி மேலே போய் அந்தத் தாரில் ஒட்டிக்கொள்ளும். பல்குச்சி முனையால் நுரையைத் தொட்டுப் பாருங்கள்: குச்சியோடு கறுப்பு நூல் போல இழுபட்டால் இதுதான் காரணம்.

எடுக்கும் முறை: கேமராவைக் கவிழ்த்து, லென்ஸ் வாய் கீழே பார்க்கும்படி பிடியுங்கள், துகள் கண்ணாடி மேல் விழாது. குவியத் திரைக்கு, அதாவது கண்ணாடிக்கு மேலே இருக்கும் சொரசொரப்பான பிளாஸ்டிக்குக்கு, ஒரு துண்டு டிஷ்யூ தாளால் மறைப்பு வையுங்கள். அதில் ஆல்கஹால் பட்டால் மங்கிவிடும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பல்குச்சியின் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாமல், பழைய நுரையைச் சுரண்டுங்கள். கண்ணாடியின் முன்பக்கம் பூச்சு உள்ள பக்கம். விரலோ பஞ்சோ அதைத் தொடவே வேண்டாம். புது நுரை சுமார் 2 மி.மீ. தடிப்பு போதும். மூன்று நான்கு மில்லிமீட்டர் நுரையை ஒட்டிவிட்டு, கண்ணாடி முழுசாக எழும்பாததால் ஷட்டர் ஓடவில்லை என்று தேடுபவர்கள் உண்டு.

நுரை நன்றாக இருந்தால் இரண்டாம் திரையைப் பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல், வேகத்தை பி-யில் (பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்து ஏற்றிப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதல் திரை ஓடித் திறக்கும். இப்போது பட்டனை விட்டுவிட்டுத் திறப்பின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல ஷட்டரில் இரண்டாம் திரையின் உலோக விளிம்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போய் மறைந்துவிடும். சோம்பலான ஷட்டரில் அது திறப்பின் ஓரத்தில், ஒரு நகக்கண் அகலத்துக்கு, நின்றபடி இருக்கும். உலோகக் கம்பியில் ஒளி படுவது தெரியும். கேமராவின் அடியை உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். ‘டக்’ என்று திரை போய்ச் சேர்ந்து, அதே நொடியில் கண்ணாடி கீழே விழுந்து, லீவர் விடுபட்டால் நோய் உறுதி.

காரணம் திரை உருளைகளின் அச்சுகளில் காய்ந்த எண்ணெய். இங்கே பலர் செய்யும் தவறு: அடித்தட்டைத் திறந்ததும் ஜோடியாகத் தெரியும் பல் சக்கரங்களைத் திருகித் திரையின் இழுவையைக் கூட்டிவிடுவது. கூட்டினால் அன்றைக்கு ஓடும். ஆனால் இரண்டு திரைகளின் வேகமும் பொருந்தாமல் போய், 1/1000இல் படத்தின் ஒரு பக்கம் இருட்டும். அழுக்கு அப்படியே இருப்பதால் ஆறு மாதத்தில் பழைய கதை திரும்பும். முதலில் சுத்தம், அப்புறம் எண்ணெய். இழுவையைத் தொடுவது கடைசி, அதுவும் வேகம் அளக்கும் கருவி கையில் இருந்தால் மட்டும்.

அடித்தட்டைத் திறப்பது எப்படி

ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறித் திருகுகள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அவற்றின் தலையில் முழுசாக உட்காராது. வழுக்கி, தலையை உருட்டிவிடும். 0, 00 எண் ஜேஐஎஸ் டிரைவர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறுகிய திருகுக்கு ஒரு துளி ஆல்கஹால் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, டிரைவரை மேலிருந்து நன்றாக அழுத்தியபடி திருப்புங்கள்; அழுத்தும் பலம் அதிகம், திருப்பும் பலம் குறைவு. திருகுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறும். ஒரு அட்டையில் கேமராவின் அடிப்பக்கத்தை வரைந்து, திருகு இருந்த இடத்திலேயே செருகிவைத்தால் குழப்பம் வராது. ஒவ்வொரு படிக்கும் செல்போனில் ஒரு படம்.

தட்டை எடுத்ததும் எதையும் கழற்றாமல் லீவரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லீவரின் பக்கத்திலிருந்து பல் சக்கரங்கள் வழியாக அசைவு நடுவில் உள்ள நீளமான ஏற்றும் தண்டுக்குப் போவதும், கடைசியில் கொக்கி விழுவதும் தெரியும். ஷட்டரை ஓட்டுங்கள். கொக்கி துள்ளி விலக வேண்டும். காய்ந்த கிரீஸ் பிடித்த கொக்கி துள்ளாது. உறக்கம் கலையாதவர் எழுந்திருப்பது போல ஒரு நொடி யோசித்துத்தான் நகரும், அல்லது பாதியில் நின்றுவிடும். பல்குச்சி முனையால் அதை லேசாகத் தொடுங்கள். ‘டிக்’ என்று விலகி லீவர் விடுபட்டால், திரைகள் சரியாக இருக்கின்றன. கொக்கியின் அச்சும் அதன் மெல்லிய ஸ்பிரிங்குமே பிரச்சினை.

சுத்தம் செய்ய: சிப்போ வகை லைட்டரில் ஊற்றும் நாப்தா. நுனி மெல்லிய ஊசியால் அச்சில் ஒரே ஒரு சின்னத் துளி. இருபது முப்பது முறை ஏற்றி ஓட்டுங்கள். வெளியே வரும் பழுப்புத் திரவத்தை டிஷ்யூவின் ஓரத்தால் உறிஞ்சுங்கள். இன்னொரு முறை. நாப்தா தாராளமாக ஊற்றினால் அழுக்கைக் கரைத்துக்கொண்டு போய்த் திரைத் துணியின் ரப்பரிலும், மேலே குவியத் திரையிலும் சேர்க்கும். அடுப்பு, ஊதுபத்தி அருகில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உலர்ந்த பிறகு, அச்சுகளுக்குக் கடிகார எண்ணெய், குண்டூசி முனையில் ஒட்டும் அளவு மட்டும். பற்களும் உரசும் பரப்புகளும் இருக்கும் இடத்தில் மாலிப்டினம் கலந்த கிரீஸோ லித்தியம் கிரீஸோ, படலம் போல. கொக்கியின் முனை உலர்ந்தே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40 மூன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பிசினாகும். மற்றவை ஊர்ந்து பரவும், ஷட்டர் திரை வரை போகும்.

அறிகுறி: ஃபிலிம் போட்டால் மட்டும் பாதியில் நிற்கிறது

எண் காட்டியைப் பாருங்கள். 36, 37 என்றால் ரோல் முடிந்தது; வேறொன்றும் இல்லை. 24 ரோல் போட்டதை மறந்து 25இல் தள்ளிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. கீழே உள்ள ரீவைண்ட் பட்டனை அழுத்திச் சுருட்டுங்கள். லீவர் பாதியில் நின்றிருந்தாலும் பட்டன் அமுங்கும். சுருட்டி முடித்து வெறும் கேமராவில் லீவரைத் தள்ளினால் சுற்று முடிந்துவிடும்.

12, 15 என்று நடுவில் நின்றால், ரீவைண்ட் கிராங்கை அம்புக்குறித் திசையில் ஒரு கால் சுற்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் கேசட்டில் ஃபிலிம் இன்னும் இருக்கிறது, இறுக்கம் வேறிடத்தில். கல்லைப் போல இருந்தால் கேசட்டின் உள்ளே சிக்கியிருக்கிறது. மொத்த ரோலிலிருந்து வெட்டி மறுபடி மறுபடி நிரப்பும் கேசட்டுகளில் இது சகஜம்: வாயில் உள்ள வெல்வெட் பட்டை மடங்கியிருக்கும், அல்லது கீழ் மூடி சரிந்து ஸ்பூலின் விளிம்பை அழுத்தும்.

இந்த இடத்தில் ஃபிலிமின் அடிப்பொருள் முக்கியம். சாதாரண ஃபிலிம்கள் அசிட்டேட். அளவு மீறி இழுத்தால் ஓரத் துளைகள் கிழியும், ஒரு ரோல் போகும், கேமரா தப்பும். வான்படங்களுக்காகவும் சினிமாப் பிரதிகளுக்காகவும் செய்து, இப்போது 35 மி.மீ. கேசட்டில் நிரப்பி விற்கப்படும் பல ஃபிலிம்கள் பாலியெஸ்டர். அது கிழியவே கிழியாது. ஃபிலிம் கிழியாதபோது உடைவது கேமராவின் பல் சக்கரம். பாலியெஸ்டர் ரோல் உள்ளே இருக்கும்போது லீவர் கனத்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

எடுத்த படங்களைக் காப்பாற்ற: ஃபிலிம் மாற்றும் கறுப்புப் பை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரவில், ஜன்னலில்லாத குளியலறையில், கதவடியில் துணி வைத்து. சிவப்பு விளக்கு கூடாது. கலர் ஃபிலிமும் வழக்கமான கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் சிவப்பையும் பதியும். கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள், செல்போன் எல்லாம் வெளியே. கதவைத் திறந்து, ஸ்பூல் பக்கம் சுருண்டிருப்பதை விரலால் தடவி, ரீவைண்ட் பட்டனை அழுத்திக்கொண்டு கையால் அவிழுங்கள். கேசட் வாங்கிக்கொள்ள மறுத்தால் ஃபிலிமை வெட்டித் தனியாகச் சுருட்டி, ஒளி புகாத கறுப்பு டப்பாவில் போட்டு டேப் ஒட்டுங்கள். ‘உள்ளே கேசட் இல்லாத ஃபிலிம், இருட்டில் மட்டும் திறக்கவும்’ என்று மேலே பெரிதாக எழுதாமல் லேபுக்குக் கொடுத்தால் அவ்வளவும் வீண்.

காலி செய்த பிறகு டார்ச் அடித்து ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கு இடையே பாருங்கள். கிழிந்த ஓரத் துளைச் சில்லு ஒன்று அங்கே பதுங்கியிருந்து அடுத்த ரோலையும் நிறுத்தும். மரப் பல்குச்சியால் எடுங்கள். உலோக முனை பற்களைக் கீறும். கதவின் உள்பக்க அழுத்துத் தகட்டையும் துடையுங்கள். கதவு நுரையின் தார் அங்கே கசிந்திருந்தால் ஃபிலிமைப் பசை போலப் பிடிக்கும், புழுக்கத்தில் ஈரம் ஏறிய ஃபிலிம் என்றால் இன்னும் மோசம்.

அறிகுறி: தொடக்கம் முதல் கடைசிவரை கனமாகச் சுற்றுகிறது

வெறும் கேமராவிலும் கனம் என்றால் பழைய கிரீஸ். ஐம்பதுகளின் ஜெர்மன் அக்ஃபா கேமராக்களில் லென்ஸின் குவிய வளையத்தையே கல்லாக்கும் பச்சை கிரீஸ் பேர்போனது. சோவியத் நாட்டு ஸோர்க்கி, ஃபெட் கேமராக்களிலும் பழைய தடித்த கிரீஸ் இப்படி இறுகும். அடித்தட்டுப் பக்கம் மேலே சொன்னபடி சுத்தம் செய்தும் கனம் குறையாவிட்டால் மேல்மூடியைத் திறந்து லீவரின் அச்சைப் பார்க்க வேண்டும். லீவரின் மேலுள்ள மூடித்திருகில் இரண்டு சின்னக் குழிகள் இருந்தால் இருமுனை ஸ்பேனர் வேண்டும். வழவழப்பாக இருந்தால் ரப்பர் தக்கையை அழுத்தித் திருப்பலாம். சில மாடல்களில் மரை இடப்பக்கமாகப் போகும். மிதமான பலத்துக்கு அசையவில்லை என்றால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

கனம் சுற்றின் ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் வந்தால் அது கிரீஸ் அல்ல. ஒரு பல் வளைந்திருக்கிறது, அல்லது மணல் துகள் ஒன்று பற்களுக்குள் இருக்கிறது. கடற்கரைக்குப் போய் வந்த கேமராவில் இதுவே முதல் சந்தேகம்.

அறிகுறி: லீவர் சுற்றிய பிறகு திரும்பி வரவில்லை

படம் எடுக்கிறது, ஃபிலிம் நகர்கிறது, லீவரை மட்டும் கையால் தள்ளிப் பழைய இடத்தில் விட வேண்டியிருக்கிறது. மேல்மூடியில் அடிபட்ட பள்ளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகடு லீவரில் உரசும். பள்ளம் இல்லையென்றால் லீவரின் கீழ் வாஷர்களில் அழுக்கு. கடைசியாக, திருப்பும் ஸ்பிரிங். அது உடைந்திருந்தால் லீவர் தொளதொளவென்று ஆடும், எதிர்ப்பே இருக்காது. இதை அவசரமாகச் சரி செய்யத் தேவையில்லை. ஒரு ரோல் முழுக்கக் கையால் தள்ளியே எடுத்துவிடலாம்.

அறிகுறி: லீவர் இலேசாகச் சுற்றுகிறது, ஃபிலிம் நகரவில்லை

ஒவ்வொரு சுற்றிலும் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் திரும்புகிறதா? இது ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டால் வெறும் ரோலைச் சுற்றி 36 படம் ‘எடுக்கும்’ சோகம் வராது. குமிழ் திரும்பாவிட்டால் மூன்று சாத்தியங்கள்.

ஃபிலிமின் நுனி ஸ்பூலின் பிளவிலிருந்து நழுவியிருக்கும். இதற்கு மருந்து ஏற்றும்போதே: நுனியைப் பிளவில் நுழைத்து, கதவு திறந்தபடி ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் துளைகள் பற்களில் உட்கார்ந்ததைப் பார்த்து, பிறகு கதவை மூடி, குமிழால் தளர்வை எடுத்துவிட்டு இரண்டு வெற்றுப் படம்.

ரீவைண்ட் பட்டன் உள்ளேயே நிற்கும். அடுத்த லீவர் சுற்றில் தானாக வெளியே வர வேண்டியது அது. அழுக்கால் உள்ளே தங்கினால் ஸ்ப்ராக்கெட் லீவரோடு இணையாது. ஒரு துளி நாப்தா, விரல் நகத்தால் பத்து முறை அமுக்கி விடுவது, பெரும்பாலும் போதும்.

துளைகள் கிழிந்திருக்கும். இதற்குக் கறுப்புப் பைதான்.

அறிகுறி: படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன, இடைவெளி ஒழுங்காக இல்லை

கழுவிய நெகட்டிவை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இடைவெளி எல்லாம் 2 மி.மீ. சுற்றி ஒரே அளவாக இருந்தால் நலம். முதல் நான்கைந்து படம் மட்டும் ஒட்டிக்கொண்டால் ஏற்றும்போது தளர்வு. நடுவில் எங்காவது ஓரிடத்தில் ஒரு முறை என்றால் ரீவைண்ட் பட்டன் தற்செயலாக அழுந்தியது; கேமராவை அடியில் பிடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு நேரும். ரோல் போகப் போக மோசமானால் ஸ்பூலின் கிளட்ச் தளர்ந்துவிட்டது: ஸ்ப்ராக்கெட் தள்ளும் ஃபிலிமை ஸ்பூல் சுருட்டாமல் விட, அது பின்னால் மடிந்து சேர்ந்து, கடைசியில் லீவரையே நிறுத்தும். ஸ்பூலை விரலால் பிடித்துக்கொண்டு லீவரைச் சுற்றுங்கள். கிளட்ச் வழுக்குவது தெரிய வேண்டும், ஆனால் விரலில் ஒரு இழுப்பும் இருக்க வேண்டும். கிளட்சில் எண்ணெய் ஊறியிருந்தால் இழுப்பே இருக்காது. முன்பு யாரோ தாராளமாக எண்ணெய் விட்ட கேமரா அது.

அறிகுறி: கீச்சென்று சத்தம்

சத்தம் லீவர் சுற்றும்போது வருகிறதா, பட்டனை அழுத்தும்போதா? கேனான் ஏஇ-1, ஏ-1 ஆகியவற்றில் பட்டனை அழுத்தியதும் வரும் கீச்சல் கண்ணாடி இயக்கத்தில் எண்ணெய் வற்றிய சின்னச் சக்கரத் தொகுதியிலிருந்து. ஃபிலிம் நகர்வோடு அதற்குத் தொடர்பில்லை. லீவர் பக்கம் எண்ணெய் விட்டால் சத்தமும் போகாது, எண்ணெய் மட்டும் ஷட்டருக்குப் போகும். யாஷிகா எலக்ட்ரோ 35இல் இதற்கு நேர்மாறு: லீவர் சுற்றும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே ஒரு ரப்பர் திண்டு கரைந்துவிட்டது, ஷட்டர் வேகம் நம்பகமாக இருக்காது.

சோதனை ரோல்

சரி செய்த கேமராவில் நேராக நல்ல ரோலைப் போடாதீர்கள். காலாவதியான ரோல் ஒன்றைச் சோதனைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் பழைய இந்து 35 மி.மீ. ரோல் வீட்டு அலமாரியில் கிடந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கதவை மூடி ஒரு முறை கடைசிவரை ஓட்டிச் சுருட்டுங்கள், நுனி வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டாம் முறை கதவைத் திறந்தபடி ஏற்றுங்கள். வேகத்தை பி-யில் வைக்க வேண்டாம், 1/125 போதும். ஒவ்வொரு முறை சுற்றியதும் படத் திறப்பின் இடது விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஃபிலிமில் ஒரு கோடு. பத்துக் கோடு போதும். வெளியே எடுத்து, முதல் கோட்டிலிருந்து பத்தாவது கோடு வரை அளந்தால் 342 மி.மீ. வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் கவலையில்லை; ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ரீவைண்ட் பட்டனுக்கும் ஸ்பூல் கிளட்சுக்கும் திரும்பிப் போங்கள்.